நீலகிரியில் பிரிந்த மொழிகள்

நாம் ‘செவி’ என்பதை நீலகிரியில் வாழும் கோத்தர்கள் ‘கெவ்’ என்கிறார்கள். கன்னடத்தில் அது ‘கிவி’. மூலத்தில் இருந்தது ககரம்தான். இகர, எகரங்களுக்கு முன்னால் வந்த அந்தக் ககரம் தமிழில் பல சொற்களில் சகரமாக மாறியது. சங்கப் பாடல்களிலேயே ‘செவி’ வந்துவிட்டது. ஆகவே கோத்தரின் முன்னோர் அந்த மாற்றம் பரவுவதற்கு முன்பே, ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முன்னர், பிரிந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள்.

ஓர் ஊரில் பிறக்கும் புது உச்சரிப்பு சந்தை வழியாகவும் சம்பந்தம் வழியாகவும் அடுத்த ஊருக்குப் போகிறது. போக்குவரத்து அருகினால் அங்கேயே நின்றுவிடும். நீலகிரியின் செங்குத்தான சரிவுகளும் அடர்ந்த காடுகளும் அப்படித்தான் அணை போட்டன. மேலே இருந்தவர்கள் பழையதைக் காத்ததோடு நிற்கவில்லை, தம் போக்கில் புதியதையும் உண்டாக்கினார்கள். அங்கே வாழும் இன்னொரு குழுவான தோடரின் மொழி சொற்களின் கடைசி உயிரொலிகளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டது. நாவை மூன்று வெவ்வேறு இடங்களில் அதிரவைத்து மூன்று வகை ரகரங்களை அது வேறுபடுத்துகிறது. உலகிலேயே இது அரிது.

ஆனால் மலை மட்டுமே காரணம் என்றால் ஒரு கேள்வி நிற்கிறது. தோடரும் கோத்தரும் ஒரே பீடபூமியில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். கோத்தர் இரும்புக் கருவியும் பானையும் செய்து கொடுத்தார்கள், சாவு வீடுகளில் இசைத்தார்கள். தோடர் எருமை வளர்த்து நெய் கொடுத்தார்கள். கன்னடச் சமவெளியிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் வந்த படகர் தானியம் கொடுத்தார்கள். இத்தனை நெருக்கத்திலும் ஒருவர் வீட்டுப் பேச்சு மற்றவருக்கு எளிதில் புரியாது.

என் பார்வையில் விடை பெண் எடுப்பதில் இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் தனக்குள்ளேயே மணம் முடித்தது. குழுக்களுக்கிடையிலான கொடுக்கல் வாங்கலுக்குப் பெரும்பாலும் படகமொழி போதுமானதாக இருந்தது. குழந்தை பேச்சைக் கற்கும் வீட்டுக்குள் அயல்மொழி நுழைய வழியே இல்லை. சமவெளியிலிருந்து பிரித்தது மலை. மலைமேல் பிரித்தது மண உறவின் எல்லை.

1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் ரயில் வந்தது. சாலை, தேயிலைத் தோட்டம், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து தமிழை மேலே கொண்டுவந்துவிட்டன. தோடர், கோத்தர் மொழிகளை இன்று பேசுவோர் இரண்டையும் சேர்த்தே சில ஆயிரம் பேர்தான். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளியில் பாடம் நடப்பது தமிழிலும் ஆங்கிலத்திலும்.