நுளம்புக் கடி: பிள்ளைகளைச் சொறிய விடாதீர்கள்!

மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள அமிர்தகழியிலும், அதே வாவியை ஒட்டிய காத்தான்குடி, ஏறாவூர் போன்ற ஊர்களிலும் மாரி மழை தொடங்கிவிட்டால் நுளம்புக்குக் குறைவிராது. மஃரிபுக்கு முன்பே ஜன்னல்களைச் சாத்தினாலும், விடிந்ததும் பிள்ளைகளின் கை கால்களில் சிவந்த தடிப்புகள் தெரியும். பிள்ளை சொறியும், "சொறியாதே" என்று உம்மா அதட்டுவார். அதட்டி நிற்கிற காரியமா அது?

சகோதரிகளே, அரிப்பு ஏன் வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். கடிப்பது பெண் நுளம்பு மட்டுமே. முட்டை உருவாக அதற்கு இரத்தம் வேண்டும். உறிஞ்சும்போது இரத்தம் உறையாதிருக்கத் தன் உமிழ்நீரை நமது தோலுக்குள் விடுகிறது. அதை உடல் எதிர்க்கும்போது ஹிஸ்டமின் என்னும் பொருள் வெளிப்பட்டு, தோல் தடித்து அரிக்கிறது. சொறியச் சொறிய அரிப்பு கூடும். விட்டுவிட்டால் சில நாட்களில் தானே அடங்கும். அந்தச் சில நாட்களைச் சொறியாமல் கடத்துவதுதான் வைத்தியம்.

வீட்டில் செய்யக் கூடியவை

* கடித்த இடத்தைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள்.

* குளிர்ந்த நீரில் நனைத்த துணியையோ, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியையோ பத்து நிமிடம் வைத்திருங்கள். வீக்கமும் அரிப்பும் தணியும்.

* ஒரு மேசைக் கரண்டி அப்பச் சோடாவைச் சிறிது தண்ணீரில் குழைத்துத் தடவி, பத்து நிமிடத்தில் கழுவி விடுங்கள். தோல் கிழிந்திருந்தால் இது வேண்டாம்.

* பார்மசியில் கிடைக்கும் கலமைன் லோஷன் நல்ல பலன் தரும்.

* இரவில் தூங்க முடியாதபடி அரித்தால், டாக்டரிடம் கேட்டு, வயதுக்கேற்ற அளவில் அலர்ஜி மருந்து கொடுக்கலாம்.

சுண்ணாம்பு, பற்பசை, மண்ணெண்ணெய் எதையும் பூசாதீர்கள், தோல் வெந்துபோகும். தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் போனால் கொப்புளமே வந்துவிடும். கற்பூரம், மென்தோல் கலந்த தைலங்களைக் கைக்குழந்தைகளுக்குத் தேய்க்கக் கூடாது.

நகத்தைக் கவனியுங்கள்

பிள்ளையின் நகங்களை ஒட்ட வெட்டி விடுங்கள். நகம் கீறிய இடத்தில் கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கும். சில வகைக் கிருமிகளால் தோலில் புண் உண்டானால், சில வாரங்கள் கழித்துச் சிறுநீரகம்கூட வீங்கலாம். புண் வந்து ஆறிய பிள்ளையின் முகம் காலையில் அதைத்திருந்தாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், சூடும் வலியும் இருந்தாலும் கைவைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம்.

காய்ச்சல் வந்தால்

முந்திய தலைமுறை நுளம்பென்றதும் மலேரியாவுக்கு அஞ்சியது. 2016 இல் மலேரியா ஒழிந்த நாடென்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் டெங்கு போகவில்லை. 2017 ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். எனவே காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரோபன் கொடுத்தால் இரத்தக் கசிவு வரக்கூடும். காய்ச்சல் நீடித்தால் மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விட்ட பிறகுதான் டெங்கின் ஆபத்தான கட்டம் தொடங்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, சோர்வு கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. நல்ல தண்ணீரில் மட்டுமே பெருகும் என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தோம். மட்டக்களப்பு, யாழ்ப்பாணக் கரையோரங்களில் நடந்து 2011 இல் வெளியான ஆய்வு, கைவிடப்பட்ட தோணிகளிலும் பாழடைந்த கிணறுகளிலும் தேங்கிய உவர் நீரிலும் அதன் புழுக்கள் வளர்வதைக் காட்டியது. வாவிக் கரையில் வாழும் நமக்கு இது முக்கியமான செய்தி.

முட்டை நுளம்பாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு சிரட்டை, இளநீர்க் கோம்பை, பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, கரையில் கவிழ்க்காமல் கிடக்கும் தோணி எல்லாவற்றிலும் தேங்கிய நீரை ஊற்றி விடுங்கள். பகலில் உறங்கும் குழந்தைக்கும் நுளம்பு வலை கட்டுங்கள்.