வைஃபை அலையில் போன் சார்ஜ் ஆகுமா?

"முன்பதிவு இந்த வாரத்தோடு முடிகிறதாம், வாங்கலாமா?" காற்றில் வரும் வைஃபையை உறிஞ்சி சார்ஜ் ஏற்றும் போன் உறை பற்றி வாசகர்கள் பலரும் கேட்டு எழுதுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். 2010 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் ஆர்சிஏ நிறுவனம் 'ஏர்னெர்ஜி' என்ற கருவியைக் காட்டியது. அரங்கில் உலவிய வைஃபையைக் கொண்டே ஒரு பிளாக்பெர்ரியை 90 நிமிடத்தில் 30 சதவீதத்திலிருந்து முழுக்க நிரப்பியதாகச் சொன்னார்கள். விலை 40 டாலர், கோடையில் விற்பனை என்றார்கள். கடைக்கு வரவே இல்லை.

அலையில் மின்சாரம் உண்டு. அளவுதான் இடிக்கிறது. 2009இல் சியாட்டிலில் இன்டெல் ஆய்வாளர்கள், 960 கிலோவாட் டிவி கோபுரத்துக்கு 4.1 கி.மீ. தள்ளி ஆன்டெனா வைத்துத் திரட்டியது 60 மைக்ரோவாட். சின்ன வெப்பமானி ஒன்று ஓட அது போதும். 5,000 எம்ஏஎச் போன் பேட்டரி அந்த வேகத்தில் நிரம்ப ஏறக்குறைய 36 ஆண்டு பிடிக்கும்.

வைஃபையில் இன்னொரு சிக்கல். ரவுட்டர் விட்டு விட்டுத்தான் பேசும். அலையைப் பிடிக்கும் சுற்று விழித்துக்கொள்ள 300 மில்லிவோல்ட்டாவது சேர வேண்டும். தரவுப் பாக்கெட் வரும் கணத்தில் மின்னழுத்தம் ஏறும்; ரவுட்டர் ஓய்ந்ததும் கசிந்து இறங்கிவிடும்.

2015இல் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு (சென்னை ஐஐடியில் படித்த ஷ்யாம் கொல்லகோட்டாவும் அதில் உண்டு) இதற்கு ஒரு தந்திரம் கண்டது. ரவுட்டர் சும்மா இருக்கும்போதெல்லாம், யாருக்கும் என்றில்லாத வெற்றுப் பாக்கெட்டுகளை 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களிலும் அனுப்ப வைத்தார்கள். சுற்றுக்கு எந்த சேனலானாலும் ஒன்றுதான். ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று ஊட்டும். பேட்டரியே இல்லாத கேமரா, 5 மீட்டர் தூரத்தில் 35 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தது.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 'வீணாகும் ஆற்றல்', 'இலவச மின்சாரம்' என்ற விளம்பர வாசகங்கள் இங்கே அடிபட்டுப் போகின்றன. அந்த வெற்றுப் பாக்கெட்டுகள் சுவர் பிளக்கிலிருந்து வருபவை. ரவுட்டர்காரரின் மின் கட்டணத்தில் ஏறுபவை. பக்கத்து வீட்டு இணையம் பாதிக்கப்படவில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஓர் அடுக்ககத்தில் எல்லா வீட்டிலும் இதே ரவுட்டர் இருந்தால்?

அலையை உறிஞ்சும் போன் உறையை வைத்தால் நம் வைஃபை வேகம் குறையுமா? குறையாது, எடுப்பது அவ்வளவு சொற்பம்.

இப்படி அலையிலிருந்து திரட்டும் மின்சாரம் எதற்குத்தான் உதவும்? எப்போதாவது ஓர் அளவைச் சொன்னால் போதும் என்கிற வெப்ப, ஈரப்பத சென்சார்களுக்கு.

சாம்சங் 2022இல் அறிவித்த டிவி ரிமோட்? ரவுட்டர் அலையைச் சேமிக்கிறதாம். முதுகில் சோலார் தகடும் இருக்கிறது.