ரயிலேறிய லாரி

திருச்சியிலிருந்து துறையூர் வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர் போனால் பச்சைமலை. அங்கே மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே, டாப் செங்காட்டுப்பட்டியில், ஒரு கூட்டுறவுச் சங்கக் கிளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிளையின் கம்ப்யூட்டருக்கு முகவரி 192.168.20.5, திருச்சித் தலைமையகத்து சர்வருக்கு 192.168.10.5. இரண்டும் வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப்பெயர்கள். வெளி இன்டர்நெட்டில் இவற்றைச் சொன்னால் எந்த ரூட்டரும் வழிவிடாது.

ஆனாலும் இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் டனல். பெயர்தான் சுரங்கம், தோண்டுவது ஒன்றுமில்லை. கொங்கண் ரயில்வே 1999 முதல் சரக்கு லாரிகளை அப்படியே வேகனில் ஏற்றிக்கொண்டு போகிறதே, அந்த வேலைதான். செல்லப்பெயர் எழுதிய பாக்கெட், ஊரறிந்த முகவரி எழுதிய இன்னொரு பாக்கெட்டின் முதுகில் ஏறிக்கொள்கிறது. 1994-ல் வெளியான ஜி.ஆர்.ஈ. என்ற முறை இதற்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

ரூட்டரில் எழுத வேண்டியது நாலைந்து வரிதான்: 'இன்டர்ஃபேஸ் டனல் 0', அதற்கொரு முகவரி, 'டனல் சோர்ஸ்', 'டனல் டெஸ்டினேஷன்', பிறகு எதிர்முனை நெட்வொர்க்குக்கு வழி.

தொல்லை அதற்கப்புறம்தான். 'இருக்கிறாயா?' என்று கேட்டுப் பார்க்கும் பிங் போகிறது, லாகின் பக்கம் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரயிலேறும் லாரிக்கு உயர வரம்பு உண்டல்லவா? இங்கே வரம்பு 1500 பைட். வெளி உறைக்கு 20, ஜி.ஆர்.ஈ. தலைப்புக்கு 4 போக மிஞ்சுவது 1476. விண்டோஸ் பிங் சுமப்பது வெறும் 32 பைட் என்பதால் தாராளமாக நுழைந்துவிடும். லாகின் பக்கத்தைச் சுமந்து 1500-க்கு நிரம்பி, 'பிரிக்காதே' என்ற குறியோடு வரும் பாக்கெட் விழுந்துவிடும். 'பெரிதாக இருக்கிறது' என்று ரூட்டர் திருப்பியனுப்பும் சேதியையும் நடுவில் ஏதாவது ஃபயர்வால் விழுங்கிவிட்டால், ஆளாளுக்கு சர்வரைத்தான் திட்டுவார்கள்.

இன்னொரு வேடிக்கை: திருச்சி ரூட்டரின் வெளிமுகவரிக்கே டனல் வழியாகத்தான் போக வேண்டும் என்று எழுதிவிடுவது. தன் தோளில் தானே ஏறுகிற கதை. டனல் விழும், எழும், மறுபடி விழும்.

ஜி.ஆர்.ஈ.யில் பூட்டு கிடையாது. வழியில் இருப்பவர் லாரிக்குள் எட்டிப் பார்க்கலாம். அதனால் மேலே ஐபிசெக் என்ற பூட்டைப் போடுகிறார்கள். அதுவும் இடம் பிடிப்பதால் வரம்பை 1400 என்று வைப்பது வழக்கம்.

மலையில் சிம் கார்டு ரூட்டர் என்றால் பெரும்பாலும் அதற்கென்று தனி வெளிமுகவரி இருக்காது. திருச்சி அதை முதலில் கூப்பிட முடியாது. மலைதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்ட வழி மூடிவிடாதிருக்க, பேச ஒன்றுமில்லாத நள்ளிரவிலும் 20 விநாடிக்கு ஒருமுறை ஒரே ஒரு பைட்டை அது கீழே அனுப்பிக்கொண்டிருக்கும்.