பூட்டும் வேண்டும், வழியும் வேண்டும்!

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை மாணவன்)



ஆண்டு மலருக்கு 'தொழிற்கூடங்களில் காவலும் தீத்தடுப்பும்' என்று எழுதப் போகிறேன் என்றதும் என் வகுப்பு நண்பன் சிரித்தான். "அது ரெண்டு சப்ஜெக்டாச்சேடா, ஏதாவது ஒண்ணை எழுது" என்றான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். காவல் என்றால் திருடனுக்கு எதிரானது, தீயணைப்பு என்றால் நெருப்புக்கு எதிரானது, அவ்வளவுதானே! அது அவ்வளவு எளிதல்ல என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது என் அப்பாவின் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து.

அப்பா ஒரு கிடங்கில் இரவுக் காவலாளி. ராத்திரி லாரி வேலை முடிந்ததும் பெரிய ஷட்டரை இறக்கி வெளியே இரண்டு பூட்டுப் போடுவார். ஷட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் திட்டிவாசலுக்கு ஒரு பூட்டு. வெளியூரிலிருந்து வந்த சுமைத் தொழிலாளர்கள் ஆறு பேர் உள்ளேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு போனபோது இதைப் பார்த்தேன்.

"அப்பா, உள்ள ஆளுங்க இருக்காங்களே, வெளியில பூட்டுறீங்களே?"

"பூட்டலேன்னா காலையில மூட்டை குறைஞ்சா யாருப்பா பதில் சொல்றது? என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க."

"தீப்பிடிச்சா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான்தான் இங்கேயே இருக்கேனே தம்பி" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு என்ன என்று அன்றைக்கு எனக்கு விளக்கத் தெரியவில்லை. தேடிப் படித்த பிறகு தெரிந்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பூட்டிய கதவுகளின் கதை

நமக்குப் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். காரைக்காலிலிருந்து பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரத்தில் கும்பகோணம். அங்கே 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி, நான் பிறப்பதற்கு முன்பு, ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் மாண்டார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். கீழே சமையல் கூடத்தில் பிடித்த தீ, மாடியில் கூரை வேய்ந்திருந்த வகுப்பறைக்குத் தாவியது. அத்தனை பிள்ளைகளும் இறங்குவதற்கு இருந்தது குறுகலான ஒரே படிக்கட்டு. கூரைதான் கொன்றது என்று நாம் சொல்கிறோம். உண்மைதான். ஆனால் கூரை எரிந்தது. வெளியேற வழியும் இல்லாமல் போனது. இரண்டும் சேர்ந்துதான் 94 உயிர்.

வேலை செய்யும் இடத்துக்கு வருவோம். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலை, பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் இயங்கி வந்தது. 1911 மார்ச் 25 அன்று எட்டாவது மாடியில் வெட்டுத்துணிக் குப்பையில் தீப்பற்றியது. ஒன்பதாவது மாடியில் ஒரு படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. ஏன் தெரியுமா? வேலை முடிந்து போகும் பெண்கள் துணி திருடிக்கொண்டு போகாமல், எல்லோரையும் ஒரே வாசல் வழியாக அனுப்பிப் பையைச் சோதிப்பதற்காக! தீயணைப்பு ஏணியோ அந்த உயரத்துக்கு எட்டவில்லை. இறந்தவர்கள் 146 பேர். பெரும்பாலோர் நம் வயதுப் பெண்கள்.

இது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். அதற்கு 101 ஆண்டுகள் கழித்து, 2012 செப்டம்பர் 11 அன்று, கராச்சியில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கேயும் வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன, சன்னல்களில் கம்பி.

நண்பர்களே, அந்தப் பூட்டைப் போட்ட காவலாளியும் என் அப்பாவைப் போல யாரோ ஒருவர்தானே என்றுதான் எனக்குத் தோன்றியது. சொன்னதைச் செய்திருப்பார்.

ஒரு லூஸ் கனெக்ஷன் செய்த வேலை

மின்னியல் படிக்கும் நாம் மறக்கவே கூடாத ஒரு தேதி 1997 ஜூன் 13. டெல்லியில் உப்ஹார் திரையரங்கு. தரைத்தளத்தில், கார்கள் நிறுத்தும் இடத்தை ஒட்டி மின்மாற்றி இருந்தது. அன்று காலையில் அதில் சிறு தீ; பழுது பார்த்தார்கள். கேபிள் முனையில் சாக்கெட்டைப் பொருத்தக் கிரிம்பிங் கருவியைப் பயன்படுத்தாமல் சுத்தியலால் அடித்துப் பொருத்திவிட்டுப் போனதாக விசாரணையில் தெரியவந்தது. பிற்பகல் காட்சி நேரத்தில் அந்த இணைப்பு தளர்ந்து தீப்பொறி பறந்தது. கழன்ற கேபிள் மின்மாற்றியின் ரேடியேட்டரில் உரசி ஓட்டை போட, எண்ணெய் கசிந்து எரிந்தது. கார்களும் பற்றிக்கொண்டன.

நம் லேபில் படித்த ஜூல் விதியை நினைத்துப் பாருங்கள். வெப்பம் என்பது ஐ ஸ்கொயர் ஆர். இணைப்பு தளர்ந்தால் அந்த ஒரு புள்ளியில் மின்தடை ஏறும். வெப்பம் அங்கே குவியும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். பியூஸ் போய்விட்டது என்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறோமே, அது கம்பி அல்ல, திரி!

உப்ஹாரில் 59 பேர் இறந்தார்கள். அவர்கள் பால்கனியில் இருந்தவர்கள். தீ அவர்களைத் தொடவில்லை. படிக்கட்டு வழியாக ஏறிய புகைதான் மூச்சை அடைத்தது. பால்கனியில் கூடுதல் இருக்கைகள் போட்டு ஒரு பக்கத்து வழியை அடைத்திருந்தார்கள்.

புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட அதை 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவன் எழுந்திருக்கவே மாட்டான். இதைப் படித்தபோதுதான் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குக் கிடைத்தது. "நான்தான் இங்கேயே இருக்கேனே" என்றாரே, புகை முதலில் நிரம்புவது உள்ளே. வெளியே இருப்பவருக்கு அது தெரியவரும் நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் மயங்கியிருப்பார்கள். தெரிந்த பிறகும் இருட்டில், பதற்றத்தில், கொத்திலிருந்து சரியான சாவியைத் தேட வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றில் துருப்பிடித்த பூட்டு ஒரே திருப்பில் திறக்குமா?

இரண்டையும் எப்படிக் காப்பது?

அப்படியானால் பூட்டே வேண்டாமா? வேண்டும். திருட்டுப் போனால் சம்பளம் போவது ஏழைக்குத்தான். ஆனால் கதவு என்பது ஒருவழிப் பாதையாக இருக்க வேண்டும்: வெளியிலிருந்து வருபவனுக்கு மூடியது, உள்ளிருந்து போகிறவனுக்குத் திறந்தது. இதற்கு வழி கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

1883 ஜூன் 16 அன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரில், விக்டோரியா ஹால் என்ற அரங்கில் 183 குழந்தைகள் நெரிசலில் இறந்தார்கள். அங்கே தீயே இல்லை! கீழே பரிசு கொடுக்கிறார்கள் என்றதும் மாடியிலிருந்த பிள்ளைகள் படிக்கட்டில் ஓடி வந்தார்கள். உட்பக்கம் திறக்கும் கதவை, ஒரு பிள்ளை மட்டும் நுழையும் அளவுக்குச் சந்து விட்டுத் தாழிட்டிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் அங்கே சிக்க, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள். இதற்குப் பிறகு இங்கிலாந்தில் ராபர்ட் பிரிக்ஸ் என்பவர் 1892இல் ஒரு தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை பெற்றார். கதவின் குறுக்கே ஒரு தண்டு. உள்ளிருந்து வயிறோ கையோ பட்டு அமுங்கினால் போதும், கதவு வெளிப்பக்கம் திறந்துவிடும். வெளியிலிருந்து திறக்க முடியாது. இன்று பெரிய கட்டடங்களில் 'பேனிக் பார்' என்று நாம் பார்ப்பது அதன் வாரிசுதான்.

நம் துறைக்குச் சொந்தமான இன்னொன்று மின்காந்தப் பூட்டு. இதில் மின்னோட்டம் இருக்கும்வரைதான் காந்தம் கதவைப் பிடித்திருக்கும். மின்சாரம் நின்றால் கதவு தானாக விடுபடும். தீ எச்சரிக்கை மணியோடு இணைத்தால், மணி அடித்ததும் சப்ளை துண்டிக்கப்பட்டுக் கதவு திறக்கும். ஆனால் எல்லா மின்பூட்டும் இப்படி அல்ல. மின்சாரம் போனால் பூட்டியே கிடக்கும் வகையும் உண்டு. அதை வெளியேறும் வழியில் வைத்தால், உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பித் திறக்கும் வசதி கட்டாயம் வேண்டும். மோட்டார் ஷட்டரும் அப்படியே, கையால் தூக்கும் சங்கிலி இல்லையென்றால் மின்வெட்டில் அது சுவர்தான். நாளை நாம் வயரிங் செய்யும்போது இது நம் கையில்தான் இருக்கும்.

சட்டமும் இதை எப்போதோ சொல்லிவிட்டது. நம் நாட்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1948இல் எழுதப்பட்டபோதே அதன் 38ஆவது பிரிவில், உள்ளே ஆள் இருக்கும்வரை கதவை உள்ளிருந்து உடனே திறக்க முடியாதபடி பூட்டக் கூடாது, சறுக்குக் கதவு தவிர மற்றவை வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று இருந்தது. சட்டம் எழுதியாகிவிட்டது, பூட்டுக்குத்தான் தெரியவில்லை.

தீயை அணைப்பது எப்படி?

எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன் என்ற மூன்றும் சேர்ந்தால் தீ. ஒன்றை எடுத்தால் அணையும். மரம், துணி, காகிதம் என்றால் தண்ணீர் குளிர்விக்கும். எண்ணெய், பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். நுரையோ பவுடரோ வேண்டும். மின்சாதனம் என்றால் முதலில் மெயினை நிறுத்துங்கள். பிறகு கார்பன் டை ஆக்சைடு அல்லது உலர் பவுடர். கார்பன் டை ஆக்சைடு கருவியின் கூம்பைக் கையால் பிடிக்காதீர்கள், குளிரில் தோல் உரிந்துவிடும்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்புச் சேவை வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றியிருந்த 'போர்ட் ஸ்டிகின்' கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக அது கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் ஒரு செயல்விளக்கத்தில் நானும் கருவியைப் பிடித்தேன். பின்னை இழு, தீயின் அடியைக் குறி பார், கைப்பிடியை அழுத்து, இடமும் வலமும் வீசு. நான் தீயின் உச்சியில் அடித்தேன்! கால் நிமிடத்தில் பவுடர் தீர்ந்தது, தீ அப்படியே இருந்தது. அதனால்தான் சொல்கிறேன்: குப்பைக்கூடை அளவுத் தீ என்றால் அணைத்துப் பாருங்கள். மீறினால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். 101 அல்லது 112க்குச் சொல்லுங்கள். புகை இருந்தால் தவழ்ந்து போங்கள்; நல்ல காற்று தரையை ஒட்டித்தான் இருக்கும். வெளியே வந்தபின் தலையை எண்ணுங்கள். உள்ளே எத்தனை பேர் என்று காவலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

நம் காரைக்கால் சின்ன ஊர்தான். ஆனால் திருமலைராயன்பட்டினத்தில் எரிவாயு மின்நிலையம், வாஞ்சூரில் துறைமுகம், சுற்றிலும் தொழிற்சாலைகள். நம்மில் பலர் அங்கேயும், திருப்பூரிலும், சென்னையிலும், வளைகுடாவிலும் வேலைக்குப் போகப் போகிறோம். முதல் நாள் வேலையில் நான்கே கேள்வி கேளுங்கள்:

1. இங்கிருந்து வெளியேற இரண்டாவது வழி எது?
2. அந்தக் கதவு சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்குமா?
3. வழியில் மூட்டையோ பெட்டியோ அடைத்திருக்கிறதா?
4. தீயணைப்புக் கருவியின் முள் பச்சையில் இருக்கிறதா?

கேட்டால் சிரிப்பார்கள். பரவாயில்லை.

கடைசியாக அப்பாவின் கதை. நான் படித்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான்; 'புத்தகத்தில் உள்ளதைப் பேசுகிறான்' என்று தள்ளிவிடுவாரோ என்று பயந்தேன். டிரையாங்கிள் கதையை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். மறுநாள் மேலாளரிடம் கேட்டிருக்கிறார். திட்டிவாசலுக்கு உள்தாழ்ப்பாள் போதும், வெளிப்பூட்டு வேண்டாம் என்று. "பார்க்கலாம்" என்று பதில் வந்ததாம். மாதம் இரண்டாகிறது, இன்னும் பார்க்கவில்லை.

ஆனால் அந்தத் திட்டிவாசலில் இப்போது வெளிப்பூட்டு இல்லை. உள்ளே படுப்பவர்களே தாழிட்டுக்கொள்கிறார்கள். அப்பா தன் ஸ்டூலை அந்தக் கதவுக்கு எதிரே போட்டு விடியவிடிய உட்கார்ந்திருக்கிறார். மூட்டை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறார்.

என் அப்பா ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் செய்யும் வேலையை ஒரு பேனிக் பார் செய்துவிடும். அதைப் பொருத்தப் போகிறவர்கள் நாம்தான் நண்பர்களே!