பி.டி. பீரியடைக் கடன் கொடுக்காதீங்க சார்!

ஸீஸன் நேரத்தில் குற்றாலம் மெயின் அருவிக்குப் போனால் ஒரு காட்சியைக் கவனியுங்கள். உள்ளூர்ப் பொடியன் ஈரப் பாறையில் சர்வசாதாரணமாக நடந்து போய்த் தண்ணீருக்குள் தலையைக் கொடுப்பான். பின்னாலேயே ஓர் ஆபீஸ் கோஷ்டி, ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, கூட்ஸ் வண்டி மாதிரி! இத்தனைக்கும் சிற்றாறு நம்மேல் இரக்கப்பட்டுத்தான் விழுகிறது. சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து நேரே இறங்காமல், நடுவில் ‘பொங்குமாகடல்’ என்ற பள்ளத்தில் வேகத்தைத் தணித்துக்கொண்டு வருகிறது.

பொடியனுக்குத் தெரிந்த வித்தை என்ன? பாதத்தை எப்படி வைப்பது, எந்தப் பக்கம் சாய்வது... அவ்வளவுதான். ஓடு, தாண்டு, எறி, பிடி, தடுமாறாமல் நில் - இதெல்லாம் உடம்பின் அ, ஆ, இ, ஈ. ‘உடல் எழுத்தறிவு’ என்று சொல்லலாம். மார்கரெட் வைட்ஹெட் என்ற ஆங்கிலேய அம்மையார் 1993-லேயே இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்.

பள்ளிக்கூடத்தில் இதற்கென்றே இருக்கிறது பி.டி. பீரியட். ‘இன்னிக்கு மட்டும் சார்’ என்று கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். வட்டி வேண்டாம், அசலாவது திரும்பியதுண்டா? இந்தக் கடன் வேண்டாமென்று 2024-ல் துணை முதலமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

தென்காசிப் பக்கம் கூடுதலாக ஒரு சாக்கு உண்டு: சாரல்! ‘கிரவுண்டு ஈரமா இருக்கு, உள்ள உக்காருலே!’ ஞாயிற்றுக்கிழமை அருவியில் ஊறிய பிள்ளைக்கு, திங்கட்கிழமைத் தூறலில் ஜலதோஷம் பிடித்துவிடுமாம்.

5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிஷமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11-17 வயதுப் பிள்ளைகளில் உலகம் முழுக்க 81 சதவிகிதம் பேர் அந்த அளவு ஆடுவதில்லை என்றும் 2019-ல் அதன் ஆய்வு சொன்னது. பெண்பிள்ளைகளில் 85!

கடன் போகாத பீரியட் மட்டும் ஒழுங்கா? நன்றாக ஓடும் நாலு பேருக்கு மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி. மிச்சப் பேர் மரத்தடியில். ஆட்டம் வைத்தாலும் முதலில் ‘அவுட்’ ஆகி உட்காருவது யார்? பழக்கம் அதிகம் தேவைப்படுகிற அந்தத் தொந்தியப்பன்தான்! திக்கித் திக்கிப் படிக்கிற பையனைத் தமிழ் வகுப்பில் வெளியே அனுப்புவோமா?

மழை நாளில் வராந்தாவில் ஒரு சாக்பீஸ் கோடு போதும். அதன்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கலாம். துணிப்பந்தை இடது கையால் எறிந்து பிடிக்கலாம். ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கலாம்.

கடைசி அயிட்டத்தை நீங்களும் முயன்று பாருங்களேன், பத்து எண்ணும்வரை. மானேஜர் இல்லாத நேரமாக, மேஜையைப் பிடிக்கிற தூரத்தில்!