சாலையும் மலையும்: சைக்கிள் பந்தயத்தைப் பார்க்கும் முறை

நம் பெரியவர்கள் 'பூனா' என்று சொல்லிப் பழகிய இந்த நகரத்தைச் சைக்கிள் நகரம் என்று அழைத்த காலம் ஒன்று உண்டு. அலுவலகம் போவோரும் கல்லூரி மாணவரும் பால்காரரும் சாரை சாரையாகச் சைக்கிளில் சென்ற தெருக்களை இன்று ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் பிடித்துக்கொண்டன. 2008 அக்டோபரில் பாலேவாடியில் காமன்வெல்த் இளைஞர் விளையாட்டுகள் நடந்தபோது, நீச்சல், குத்துச்சண்டை, மல்யுத்தம் என ஒன்பது விளையாட்டுகள் இடம்பெற்றன. சைக்கிள் நகரத்தில் நடந்த அவ்விழாவின் ஒன்பது விளையாட்டுகளுள் சைக்கிள் இல்லை!

அந்தக் குறை பதினேழு ஆண்டுகளுக்குப் பின் ஓரளவு தீர்ந்தது. 2026 ஜனவரி 19 முதல் 23 வரை 'புனே கிராண்ட் டூர்' என்னும் பந்தயம் புனே மாவட்டத்துச் சாலைகளில் நடந்தது. முன்னோட்டமாக ஒரு சிறு ஓட்டம், அதன்பின் நான்கு கட்டங்கள்; எல்லாம் சேர்ந்து 437 கிலோமீட்டர். சைக்கிள் விளையாட்டின் உலகச் சங்கம் இதனை 2.2 என்னும் வகுப்பில் சேர்த்திருந்தது. முதல் இரண்டு பல நாள் பந்தயம் என்பதைக் குறிக்கும். புள்ளிக்குப் பின் வரும் இரண்டு அதன் தரத்தைக் குறிக்கும். அந்த வகுப்பில் இந்தியாவில் நடந்த முதல் பல நாள் பந்தயம் இதுவே.

இத்தகைய பந்தயத்தைச் சாலையோரத்தில் நின்று பார்ப்பவர் காண்பது அரை நிமிடக் காட்சிதான். ஒரு கூட்டம் விர்ரென்று கடந்து போகும். "முதலில் வந்தவன் பலசாலி, அவ்வளவுதானே? இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று நம்மவர் கேட்பது உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சைக்கிள் பந்தயத்தில் பலசாலி பல முறை தோற்கிறான். அது ஏன் என்று தெரிந்துகொண்டால் அந்த அரை நிமிடத்தில் ஒரு நாடகமே தெரியும்.

காற்று என்னும் பகைவன்

சமதளத்தில் சைக்கிள் ஓட்டுபவனுக்கு முதற்பகை காற்று. மெல்லப் போகும்போது அது தெரிவதில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அவன் உழைப்பில் மிகப் பெரும்பகுதியைக் காற்றே விழுங்கிவிடுகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பப் பெருகும். அதனை வெல்லத் தேவையான ஆற்றலோ வேகத்தின் கனத்திற்கு ஏற்பப் பெருகும். ஆகவே 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் 40 கிலோமீட்டருக்கு உயர வேண்டுமானால், காற்றுக்குச் செலுத்தும் கப்பம் மட்டும் ஏறக்குறைய 2.4 மடங்காகிவிடும்.

இந்தக் கப்பத்திலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. முன்னே செல்பவனின் முதுகுக்குப் பின்னால், சக்கரத்தோடு சக்கரம் ஒட்டினாற்போல் ஒளிந்துகொண்டு செல்வதே அது. முன்னவன் காற்றைக் கிழிக்கிறான். பின்னவன் கிழிந்த காற்றில் செல்கிறான். அதனால் பின்னவனுக்கு மிச்சமாகும் உழைப்பு கால் பங்குக்கும் மேல் இருக்கும். எதிர்காற்றில் பஸ்ஸின் பின்னால் சைக்கிள் விட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுகம் தெரியும். (அது ஆபத்தான சுகம், அதனை விட்டுவிடுக.)

சாலைப் பந்தயத்தின் சூத்திரம் இங்கேதான் இருக்கிறது. தனியே முன்னால் ஓடுபவன் வீரனாகத் தோன்றுவான். ஆனால் எல்லோருக்குமாகக் காற்றை வாங்கிக்கொள்பவனும் அவனே. பின்னால் நூறு பேர் முறை மாற்றி முன்னிலை ஏற்று அவனைத் துரத்துவார்கள். பெரும்பாலும் கூட்டமே வெல்லும். கடைசி இருநூறு மீட்டரில், அதுவரை நிழலில் வந்த ஒருவன் பாய்ந்து பரிசைத் தட்டிச் செல்வான்.

ஒருவன் பதக்கம், பலர் உழைப்பு

ஆகவே நாடுகள் தனி மனிதரை அனுப்புவதில்லை, குழுவை அனுப்புகின்றன. குழுவில் ஒருவன் தலைவன். மற்றவர்கள் அவனுக்கு முன்னே சென்று காற்றைத் தாங்குவார்கள். தண்ணீர்ப் புட்டி கொண்டுவந்து கொடுப்பார்கள். எதிரணியினன் தப்பி ஓடினால் துரத்திப் பிடிப்பார்கள். தலைவனின் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பதும் உண்டு. பந்தயம் முடியும் வேளையில் இவர்கள் சக்தி முழுவதும் தீர்ந்து, பின்தங்கி, பெயர் தெரியாமல் வந்து சேர்வார்கள்.

பல விளையாட்டுகள் சேர்ந்து நடக்கும் விழாக்களில் இதன் அருமை இன்னும் மிகுதி. 2010ல் டில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுகளில் ஆடவர் சாலைப் பந்தயம் 168 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் ஆலன் டேவிஸ் தங்கம் வென்றார். பதக்கம் ஒருவர் கழுத்தில்தான் விழுந்தது. உடன் உழைத்த தோழர்களுக்கு அங்கே பதக்கம் கிடையாது. ஹாக்கியில் வென்றால் அணி முழுவதற்கும் பதக்கம் உண்டு. சாலைப் பந்தயத்தில் குழுவாக ஓடி ஒருவராக வெல்ல வேண்டும். இதனை அறிந்த பின் கடைசியில் வருகின்றவனைப் பார்த்து நகைக்க நமக்கு மனம் வராது.

இதற்கு நேர்மாறானது நேர ஓட்டம். அதில் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக, வழக்கமாக ஒரு நிமிட இடைவெளியில், தனித்தனியே புறப்படுவார்கள். முன்னவனை எட்டிப் பிடித்தாலும் அவன் நிழலில் ஒதுங்கக் கூடாது. தோழன் இல்லை, தந்திரம் இல்லை. காற்றும் கடிகாரமும் மட்டுமே எதிரிகள்.

கணவாயின் ராஜா

சமதளத்தின் கணக்கு மலையில் செல்லாது. மராட்டிய நாட்டில் சைக்கிள் பந்தயம் என்றதும் முதியவர்கள் நினைவுக்கு வருவது மும்பை–புனே பந்தயம். கடற்கரைச் சமவெளியிலிருந்து புறப்படுவோர் கோபோலியைத் தாண்டியதும் போர் காட் ஏற்றம் தொடங்கும். கண்டாலா வரை ஒரே ஏற்றம். அங்கே முதல்வனாக ஏறுகின்றவனுக்குக் 'காட்டாச்சா ராஜா' என்று தனிப் பட்டம் உண்டு. தமிழ்க் காதுக்குக் காட்டு ராஜா என்று கேட்கும். மராத்தியில் 'காட்' என்பது மலைக்கணவாய்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுபவனும் வண்டியும் சேர்ந்து 70 கிலோகிராம் என்று கொள்வோம். 500 மீட்டர் உயரத்தை 25 நிமிடத்தில் ஏற வேண்டுமானால், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டுமே இடைவிடாமல் சுமார் 230 வாட் ஆற்றல் தேவை. வீட்டில் நாம் மாட்டும் பழைய மின்விசிறிகள் மூன்றைச் சுழற்றும் ஆற்றல் அது! ஒரு கிலோ எடை குறைந்தால், அதே உழைப்பில் ஏறக்குறைய இருபது வினாடி மிச்சமாகும். எனவேதான் மலையேறும் வீரர்கள் ஒல்லியாக இருக்கிறார்கள். வண்டியிலும் கிராம் கணக்குப் பார்க்கிறார்கள். இந்தப் போட்டி எல்லை மீறாதிருக்க, சாலைப் பந்தய வண்டி 6.8 கிலோகிராமுக்குக் குறையக் கூடாது என்று விதி வகுத்துள்ளனர்.

ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் ஆதிக்கமும் குறைகிறது. பிறர் முதுகில் ஒளிந்து பயனில்லை. சமதளத்தில் மறைந்திருந்தவன் இங்கே வெளிப்பட்டுவிடுவான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையோ நம் சிங்ககட் சாலையையோ சைக்கிளில் ஏறிப் பார்த்த நண்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் முழங்காலே சாட்சி.

சாலையில்லா ஓட்டம்

மலைச் சைக்கிள் பந்தயம் வயதில் இளையது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டமால்பாய்ஸ் மலையடிவாரத்து இளைஞர்கள் சிலர், பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண் பாதையில் இறக்கிவிட்டு விளையாடினார்கள். 1976 முதல் அதனைப் பந்தயமாகவே நடத்தினார்கள். ஒருமுறை இறங்கி வந்தாலே பிரேக்கில் உள்ள கிரீஸ் வெந்து புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். 'மறுபடி அடைத்தல்' என்னும் பொருளுடைய 'ரீபேக்' என்பதே அந்தப் பாதையின் பெயராயிற்று. அந்த விளையாட்டு 1996ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஏறியது. ஆசிய விளையாட்டுகளில் 1951ஆம் ஆண்டு டில்லி விழாவிலேயே சைக்கிள் பந்தயம் இருந்தது. மலைச் சைக்கிள் வந்து சேர்ந்தது 1998ல், பாங்காக்கில். நமக்கு அருகே, கேரளத்துப் பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டியே நடந்தது.

இதன் வண்டி வேறு. சாலை வண்டியின் டயர் ஒல்லி. காற்று இறுக அடைத்திருக்கும். மலை வண்டியின் டயர் தடித்தது, முண்டு முண்டாகப் பற்கள் கொண்டது. அதில் காற்றைக் குறைவாகவே வைப்பார்கள். அப்போதுதான் டயர் சற்றே நசுங்கிப் பாறையையும் வேரையும் பற்றிக்கொள்ளும். முன்சக்கரத்தில் அதிர்ச்சி தாங்கும் வில் அமைப்பு இருக்கும்.

இதில் இரண்டு வகை முக்கியமானவை. ஒன்று, காட்டு வழியில் சில கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றைப் பல முறை சுற்றி வருவது. எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவார்கள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓட்டம். முதல்வனைவிட மிகவும் பின்தங்கியவனை நடுவர்கள் நடுவிலேயே நிறுத்திவிடுவார்கள். மற்றொன்று, மலையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக இறங்குவது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். வினாடியின் பின்னமே வெற்றியை நிர்ணயிக்கும். இரண்டிலும் ஒற்றையடிப் பாதை, கல், சேறு, திடீர்ப் பள்ளம். ஒருவன் முதுகில் ஒருவன் ஒளிந்து வரும் தந்திரத்திற்கு இங்கே பெரிதாக இடமில்லை.

இரண்டு பஞ்சர்கள்

இவ்விரு பந்தயங்களின் வேற்றுமையை இரண்டு பஞ்சர்கள் நன்கு விளக்கும்.

2014ல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுகளின் ஆடவர் சாலைப் பந்தயம். கொட்டும் மழை. ஏறக்குறைய 140 பேர் புறப்பட்டனர். முடித்தவர் பன்னிரண்டே பேர். வேல்ஸ் நாட்டின் கெரைன்ட் தாமஸ் முன்னால் தனியே போய்க்கொண்டிருந்தார். வெற்றி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தபோது டயர் பஞ்சர்! பின்னால் வந்த குழுவின் கார் நின்றது; வேறு சக்கரம் மாட்டப்பட்டது; அவர் மீண்டும் ஏறி ஓட்டித் தங்கம் வென்றார்.

2018ல் கோல்டு கோஸ்ட் விளையாட்டுகளின் மலைச் சைக்கிள் பந்தயம். நியூசிலாந்தின் சாம் கேஸுக்குப் பந்தயத்தின் பிற்பகுதியில் பஞ்சர். பின்தொடர்ந்து வர அங்கே காரும் இல்லை, கார் போக வழியும் இல்லை. அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டுமே உதவி பெறலாம். அதுவரை அவரவர் பாடு அவரவர்க்கு. அவருக்கு முன்னே போய்விட்டவர் ஆன்டன் கூப்பர், அவருடைய நாட்டுக்காரரே! சாலைப் பந்தயமாயின், நாட்டுக்கு ஒரு தங்கம் உறுதியென்று பின்னவர் அமைதியாக வந்திருப்பார். மலையில் அந்த மரபு இல்லை. கேஸ் விடாது துரத்திச் சென்று கடைசி ஓட்டத்தில் கூப்பரை முந்தித் தங்கம் பெற்றார்.

சாலையில் ஓடுவது சமுதாயம். மலையில் ஓடுவது தனி மனிதன். எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் வைக்க வேண்டாம். பிறர் நிழலில் வந்ததை மறவாத நன்றியும் வேண்டும். நிழல் இல்லாத இடத்தில் தன் காலை நம்பும் துணிவும் வேண்டும்.

பந்தயம் போன பின்

இறுதியாக ஒன்று. புனே கிராண்ட் டூர் நடப்பதற்காக அதன் வழியிலிருந்த சாலைகள் செப்பனிடப்பட்டன. வீரர்கள் ஐந்தே நாளில் போய்விட்டார்கள். சாலை இங்கேயே இருக்கிறது. அதில் நாளை யார் செல்லப் போகிறார்கள்?

நம் புதுக்கோட்டையில் 1991ல், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அவர்களுக்குப் பதக்கம் இல்லை, கடிகாரம் இல்லை. ஆனால் பஸ்ஸுக்குக் காத்திராமல், துணைக்கு ஆளை எதிர்பாராமல், தாமே புறப்பட்டுப் போகும் உரிமையைப் பெற்றார்கள். அந்த வெற்றிக்குத் தேவையானவை ஒரு சைக்கிளும், அச்சமின்றி ஓட்ட ஒரு சாலையும்தாம்.

அன்பர்களே! சைக்கிள் நகரம் என்னும் பெயரைப் பந்தயம் ஒன்று ஐந்து நாளுக்கு மீட்டுத் தந்தது. ஆண்டு முழுவதும் அதனைக் காக்க வேண்டியவர்கள், கணேஷ்கிண்டிலிருந்து டெக்கான் வரை நாள்தோறும் போய் வருகின்ற நம் போன்றவர்களே. விடுதிப் படிக்கட்டின் அடியில் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிளுக்குக் காற்றடியுங்கள். அடுத்த பந்தயம் வரும்போது சாலையோரத்தில் சந்திப்போம். கடைசியாக வருகின்றவனுக்கும் கைதட்டுவோம்.