கண்டிக்கு வராத படகு

நீர்வழி – 9

போன ஞாயிற்றுக்கிழமை இரவு லண்டனிலிருந்து தம்பி பேசினான். சித்தப்பா மகன். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிப் பிறந்தவன், மகாவலியைப் பார்த்து வளர்ந்தவன். இப்போது ரீஜன்ட்ஸ் கால்வாயில் ஒரு ஒடுக்கமான இரும்புப் படகுதான் அவனுக்கு வீடு.

"அண்ணே, தண்ணி முடிஞ்சு போச்சு" என்றான் எடுத்த எடுப்பில். இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீரில் மிதக்கிறவன் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. தொட்டி படகின் முன்முனையில் இருக்கிறது. தண்ணீர் குறையக் குறைய முன்பக்கம் பாரம் விட்டு மெல்ல மேலே எழுமாம். மேசையில் வைத்த தேத்தண்ணி கோப்பைக்குள் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அவனுக்கு விளங்கிவிடும்: குழாய் இருக்கிற இடத்துக்குப் படகை ஓட்ட வேண்டும், மணிக்கணக்கில் நின்று தொட்டியை நிரப்ப வேண்டும்.

பேச்சை முடிக்கிற நேரத்தில்தான் அதைக் கேட்டான். "நம்ம கட்டுகஸ்தோட்டை ஆத்துல இப்படி ஒரு படகைப் போட்டு இருக்க முடியாதா அண்ணே?"

சட்டென்று பதில் வரவில்லை. சென்ற வாரம் வரை நீர்கொழும்புப் பக்கத்துக் கால்வாய்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்து எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, தம்பி என் வீட்டு வாசலைக் காட்டிவிட்டான்.

முதலில் அவன் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். படகில் குடியிருப்பது என்றால் கேரளத்துக் கெட்டுவள்ளம் போல மாலை வெயிலும் மீன் வறுவலும் என்று பலர் நினைக்கிறார்கள். அவன் படகின் அகலம் இரண்டு மீற்றரும் சொச்சமும்தான். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில், படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளை ஏழடி அகலத்துக்குக் கட்டிவிட்டார்கள். அந்தப் பூட்டுக்குள் நுழையக்கூடிய படகுதான் நாடெங்கும் போக முடியும். அன்று போட்ட அளவு, இன்று என் தம்பியின் கட்டிலின் அகலத்தை முடிவு செய்கிறது. ஒருவர் அடுக்களையில் நின்றால் மற்றவர் கடந்து போக உடம்பைத் திருப்ப வேண்டும்.

சொந்தமாகக் கட்டுமிடம் இல்லாத படகு ஒரே இடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்கக்கூடாது என்பது அங்கே சட்டம். கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நகர்ந்தபடியே இருக்க வேண்டும். கடிதம் வர முகவரி கிடையாது. பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். மலசலகூடத்துக்கு அடியில் ஒரு பெட்டி, அது நிறைந்ததும் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டும் இடத்தில் கொட்டிக் கழுவி வர வேண்டும். பனிக்காலத்தில் நிலக்கரி அடுப்பு. ஜன்னலில் படியும் ஈரத்தைக் காலையில் துணியால் துடைப்பதுதான் அன்றைய முதல் வேலை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைத் தரையேற்றி அடிப்பக்கத்துக்குத் தார் பூச வேண்டும். மணிக்கு நாலு மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது. கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதற்கும் கீழே குறைக்க வேண்டும், இல்லையென்றால் நம்முடைய அலை இன்னொருவர் அடுப்பிலிருக்கும் சட்டியைக் கவிழ்த்துவிடும்.

இத்தனை தொல்லையையும் தாங்க வைப்பது ஒன்றே ஒன்று. அந்தக் கால்வாய்த் தண்ணீர் அசைவதில்லை. இரவு படுக்கும்போது எந்த மட்டத்தில் இருந்ததோ, விடியும்போதும் ஏறக்குறைய அதே மட்டத்தில் இருக்கும்.

மகாவலி அப்படி இல்லை. கண்டியை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் வளைத்துக்கொண்டு ஓடும் ஆறு இது. மூன்று பக்கம் ஆறு இருந்தும் கண்டி ஒருநாளும் படகு நகரமாக இருந்ததில்லை. 1660ல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, 1679 வரை கண்டி ராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681ல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த ஆற்றைப் பற்றி இரண்டு விஷயம் சொல்கிறார். ஒன்று, ஆறு முழுக்கப் பாறையும் வீழ்ச்சியும். மற்றது, பாலம் கட்ட அரசன் விட மாட்டான், நாட்டுக்குள் வரும் வழி சிக்கலாகவே இருக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். ஆகவே அக்கரை போக வேண்டியவர்கள் தோணியில் கடந்தார்கள். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மட்டும். ஆற்றோடு போவதற்கு அல்ல. கண்டிக்கு மகாவலி ஒரு பாதையாக இல்லை, பூட்டிய கதவாக இருந்தது.

அந்தக் கதவின் பலத்தை 1803 ஜூனில் ஆங்கிலேயர் அறிந்தார்கள். கண்டியை விட்டுத் திருகோணமலைப் பக்கமாகப் பின்வாங்கிய மேஜர் டேவியின் படை, வட்டாபுலுவ துறைக்கு வந்தபோது ஆறு கரைபுரண்டு ஓடியது. கடக்கப் படகு இல்லை. மூங்கிலை வெட்டித் தெப்பம் கட்டிப் பார்த்தார்கள், வெள்ளம் விடவில்லை. அந்தக் கரையிலேயே ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள், பெரும்பாலானோர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். ஒரு நல்ல தோணி இருந்திருந்தால் எத்தனை பேர் உயிரோடு போயிருப்பார்கள் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பேன். ஆற்றுக்குப் பகைவர், நம்மவர் என்ற கணக்கு தெரியாது.

அப்படியானால் கண்டிக்கு உப்பு எப்படி வந்தது? மலைநாட்டில் எல்லாம் விளையும், உப்பு விளையாது. 1766ல் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையில் கண்டி அரசு கடற்கரை முழுவதையும் இழந்தது. அந்த நிலையிலும் சிலாபம், புத்தளம் உப்பளங்களில் உப்பு அள்ளிக்கொள்ளும் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். உப்பு அவ்வளவு பெரிய விஷயம்.

மேற்குக் கரையில் வீடாகவும் வண்டியாகவும் இருந்த படகுகளின் கதை இங்கேதான் கண்டியைத் தொடுகிறது. சிங்களத்தில் பாரு என்பார்கள். தட்டையான அடி, மேலே கிடுகோ ஓலையோ வேய்ந்த வளைந்த கூரை. புத்தளத்திலிருந்து களனி கங்கை வரை களப்புகளையும் ஆறுகளையும் கால்வாய்களால் இணைத்திருந்தார்கள். நீர்கொழும்புக்குப் போகும் ஹமில்டன் கால்வாயை 1802ல் தொடங்கி 1804ல் ஆங்கிலேயர் முடித்தார்கள். அதன் நீளம் 14 கிலோமீற்றருக்குச் சற்று மேல். கடலின் கொந்தளிப்பைத் தொடாமலே ஒரு குடும்பம் அடுப்போடும் பாயோடும் சரக்கோடும் போய்வர முடிந்தது. களனியிலும் பாரு மேலே ஏறியது. ருவன்வெல்ல வரை. அதற்கு மேல் மலை.

அந்தப் படகுக்குள் வாழ்வதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கூரைக்கு அடியில் நடுவில் சரக்கு. பாக்கு மூட்டை என்றால் பரவாயில்லை, உப்பு என்றால் ஒரு துளி மழையும் உள்ளே வரக்கூடாது, ஆகவே நல்ல ஓலை சரக்குக்குப் போகும், மனிதருக்கு மிச்சம். பின்முனையில் குடும்பம். தட்டை அடி என்பதால் படகு அதிகம் ஆடாது, அடுப்பு வைக்கலாம். ஆனால் தலைக்கு மேல் காய்ந்த ஓலை, அடியில் மரம். சமைக்கிற பெண் ஒரு கண்ணைச் சோற்றிலும் ஒரு கண்ணைத் தீப்பொறியிலும் வைத்திருக்க வேண்டும். தவழும் பிள்ளை இருந்தால் மூன்றாவது கண்ணும் வேண்டும். ஆண்கள் முன்முனையில் மூங்கிலை ஊன்றி, அதன் நுனிக்குத் தோளைக் கொடுத்து, ஓரப் பலகையில் பின்பக்கம் வரை நடப்பார்கள். மனிதன் பின்னே நடக்க, படகு முன்னே போகும். பிறகு மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு திரும்பவும் முன்முனைக்கு. இறங்கும்போது ஆறே கொண்டுபோகும். ஏறும்போது ஒவ்வொரு படகு நீளத்தையும் நடந்தே சம்பாதிக்க வேண்டும்.

ருவன்வெல்லயில் சரக்கு கை மாறியது. படகிலிருந்து இறங்கிய உப்பும் கருவாடும் துணியும் தவளத்தில், அதாவது பொதிமாட்டுக் கூட்டத்தில், ஏறின. கண்டி அரசில் இந்தப் போக்குவரத்துக்கென்றே மடிகே பத்த என்ற தனிப் பிரிவு இருந்தது, அதில் ஊழியம் செய்தவர்களில் பலர் முஸ்லிம்கள். மலையிலிருந்து பாக்கு இறங்கியது. படகுக்காரர் கண்டியைப் பார்க்கவில்லை, மாட்டுக்காரர் கடலைப் பார்க்கவில்லை. இருவரும் ஒரே ஆற்றங்கரையில் சோறு பொங்கித் தின்றுவிட்டு எதிரெதிர்ப் பக்கம் திரும்பினார்கள். அரசர்களின் பெயர்கள் வரிசையாக நம்மிடம் இருக்கின்றன. அந்தக் கரையில் அடுப்பு மூட்டிய ஒருத்தியின் பெயர்கூட இல்லை. இந்தத் தொடரை எழுதத் தொடங்கியதே அந்த வருத்தத்தில்தான்.

கிழக்கிலிருந்து மகாவலியோடு மேலே வர முடியுமா என்று ஆங்கிலேயர் பார்க்காமல் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்த புரூக் ஆற்றை ஆராய்ந்து எழுதிய குறிப்பு 1833ல் லண்டன் அரச புவியியற் கழகத்தின் சஞ்சிகையில் வந்தது. அதே 1833ல் பேராதனையில் முதிரை மரத்தால் ஒரே வளைவாக 205 அடி நீளப் பாலம் கட்டி முடித்தார்கள், பூட்டிய கதவு திறந்துவிட்டது. 1867ல் கண்டிக்கு ரயில் வந்தது. அதற்குப் பிறகு மகாவலியில் படகு விடுவதைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

கவலைப்பட்டிருந்தாலும் நடந்திருக்காது. இங்கிலாந்தில் டெவைசஸ் என்ற ஊரில் கேன் ஹில் என்றொரு ஏற்றம். படகு அங்கே 29 பூட்டுகளைத் தாண்டி 72 மீற்றர் ஏறுகிறது. பூட்டு என்றால் இரு பக்கமும் கதவுள்ள ஒரு தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவை அடைத்து, மேலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் படகு தானே எழும். இப்படி 29 தடவை. தம்பி அதை ஏறி முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆனதாம், மறுநாள் கையைத் தூக்க முடியவில்லையாம். கண்டியிலிருந்து மினிப்பே சமவெளிக்கு இறங்குவதற்குள் மகாவலி 300 மீற்றருக்கு மேல் விழுகிறது. நாலு கேன் ஹில்லை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும், அதுவும் மழைக்காலத்தில் பாறையை உருட்டுகிற ஆற்றில். அந்த வீழ்ச்சியைத்தான் பிறகு மின்சாரமாக மாற்றினார்கள். 1976ல் பொல்கொல்ல அணைக்கட்டு, 1985ல் 122 மீற்றர் உயர விக்டோரியா அணை. எதிலும் படகு ஏறிப்போக வழி வைக்கவில்லை.

இத்தனையும் தெரிந்த பிறகும், ஆற்றில் தோணி வைத்திருக்கிற ஒருவரிடம் கேட்காமல் தம்பிக்குப் பதில் சொல்ல மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கெலிஓயாப் பக்கம் போனேன். மணல் அள்ளும் தோணி ஒன்று கரையோரம் கிடந்தது. விளிம்பு தண்ணீரிலிருந்து ஒரு சாண்கூட இல்லை, அத்தனை மணல். அறுபது வயதிருக்கும் ஒருவர் வாளியால் மணலைக் கரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். தோணியின் உள்பக்கம் பலகைப் பொருத்துகளில் தார் புதிதாகப் பூசியிருந்தது. அங்கே இரும்புக்குத் தார், இங்கே மரத்துக்குத் தார்.

"நானா, இந்தத் தோணியில ராத்திரி தங்கியிருக்கீங்களா?"

வாளியைக் கீழே வைத்தார். "தங்க எப்பிடி ஏலும் தம்பி? மேல கொத்மல அணையில கதவத் தொறந்தா இங்க தண்ணி ஏறும். மழ இங்க பெய்யணும்னு இல்ல. வானம் நல்லாத்தான் ஈக்கும், தண்ணி மட்டும் கலங்கி வரும். அப்ப கயித்தப் பாக்கணும்."

கயிற்றைக் காட்டினார். முன்முனையிலிருந்து ஒரு நீளக் கயிறு, கரையில் உயரத்தில் நிற்கும் மரத்தின் அடியில் கட்டியிருந்தது. வேண்டியதைவிட நாலு மடங்கு நீளம். சுருளாகக் கிடந்தது.

"குட்டயா கட்டினா தண்ணி ஏறக்குள்ள தோணி மூக்கு அமுங்கி மூழ்கிரும். நீட்டிக் கட்டினா ஏறும், எறங்கும். ஆனா தண்ணி சடார்னு எறங்கினா கரையில ஏறிக் குத்திட்டு நிக்கும். ராத்திரிக்கி ரெண்டு தரம் வந்து பாக்கணும். எங்கட அப்பாட வாப்பா தவளம் ஓட்டினவராம். மாட்டப் பாக்குற மாதிரி நான் தோணியப் பாக்குற."

அப்பா என்றால் அவர்கள் பேச்சில் தாத்தா. தவளம் என்ற சொல்லை நான் எடுக்கவில்லை, அவராகவே சொன்னார்.

கண்டியில் அசையாத தண்ணீர் இல்லாமல் இல்லை. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வெட்டுவித்த ஏரி இருக்கிறது. தலதா மாளிகையின் வாசலில் யாரும் குடித்தனம் நடத்த முடியாது, உல்லாசப் படகு ஒரு சுற்றுச் சுற்றி வரும், அவ்வளவுதான். விக்டோரியா நீர்த்தேக்கமும் இருக்கிறது. ஆனால் கடும் வரட்சியில் அதன் மட்டம் இறங்கிப்போய், மூழ்கிய பழைய தெல்தெனிய நகரத்தின் சுவர்கள் வெளியே தெரியும். அந்த இடத்தில் படகைக் கட்டி வீடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆயிரக்கணக்கானோரின் வீடுகளுக்கு மேல்தான் அந்தத் தண்ணீர் நிற்கிறது.

வியாழன் இரவு தம்பியை அழைத்துச் சொன்னேன். கெலிஓயாக் கயிற்றின் நீளத்தைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் ரெண்டு முழம்தான் விட்டுக் கட்டுறேன் அண்ணே" என்றான். பின்னணியில் ஏதோ உரசும் சத்தம். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். நாளையோடு பதினாலு நாள் முடிகிறது, விடியற்காலை கிளம்ப வேண்டும், முளையைப் பிடுங்கி வைக்கிறேன் என்றான்.

நான் சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ருவன்வெல்லவுக்குப் போகிறேன். பாரு வந்து நின்ற துறை எது என்று அங்கே யாராவது கை நீட்டிக் காட்டுவார்களா, பார்க்க வேண்டும்.

(வரும்)